முப்பத்திரண்டாவது வளைவில் ஒரு 'புஸ்'!

கொல்லிமலைக்குப் போய் வந்த எவரைக் கேட்டாலும் முதலில் ஒரு நம்பரைத்தான் சொல்வார்கள். அருவியைப் பற்றிக் கேளுங்கள், "அது கிடக்கட்டும், எழுபது வளைவு சார்!" என்பார்கள். அறப்பளீஸ்வரர் கோயிலைப் பற்றிக் கேளுங்கள், "எழுபது... எண்ணிப் பார்த்தேன்!" என்பார்கள். எண்ண வேண்டிய அவசியமே இல்லை. காரவள்ளி அடிவாரத்தில் 1/70 என்று ஆரம்பித்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் போர்டு நட்டு வைத்திருக்கிறார்கள். பரீட்சை பேப்பரில் மார்க் போட்ட மாதிரி இருக்கும். பதினைந்தாவது வளைவில் வாந்தி எடுக்கிறவர்கள், இன்னும் ஐம்பத்தைந்து பாக்கி என்று தெரிந்துகொண்டு இன்னொரு முறை வாந்தி எடுக்க வசதி.

நாமக்கல் ஜில்லாவே வண்டிகளின் ஜில்லா. 1997 ஜனவரியில் சேலத்திலிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் வந்தது. ஊருக்கு நடுவே கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் பதினெட்டு அடி ஆஞ்சநேயர். அவரைத் தாண்டினால் திரும்பிய பக்கமெல்லாம் பாடி கட்டும் பட்டறை. இந்தப் பக்கம் கேஸ் டேங்கர், அந்தப் பக்கம் முட்டை லாரி, திருச்செங்கோடு போனால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி. இங்கே பிறந்த குழந்தைக்கு முதலில் கேட்கிற தாலாட்டு டீசல் எஞ்சின் சத்தமாகத்தான் இருக்கும் என்று ஒரு டீக்கடைக்காரர் என்னிடம் சொன்னார். மிகையில்லை.

அந்த டீக்கடை காளப்பநாயக்கன்பட்டியில் இருந்தது. அதிகாலை நாலு மணி. மலைக்கு முதல் பஸ் எப்போது வரும் என்று கேட்டதற்கு, "வர்றப்ப வரும்ங்க" என்று துல்லியமாகப் பதில் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பிக்கப் வண்டி நின்றிருந்தது. வயது இருபத்தைந்துக்கு மேல். கம்பெனி பெயர் வேண்டாம், வண்டியின் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பது போகப்போகத் தெரியும். நீலப் பெயிண்ட் பாதி, துரு பாதி. முன்னால் எலுமிச்சம்பழம், பின்னால் சிமெண்ட் மூட்டைகள். வண்டிக்காரர் நாற்பதைத் தாண்டியவர், கூடவே பதினெட்டு வயசில் ஒரு கிளீனர் பையன்.

"சோளக்காடு வரைக்கும் போறனுங்க. ஏறிக்கங்க சார்" என்றார் வண்டிக்காரர். பிறகு குரலைத் தாழ்த்தி, "வண்டி நடுவால நின்னாலும் நிக்கும். கோவிச்சுக்கக் கூடாது" என்றார்.

பி.காம். படித்தவனுக்கு இது பழகின ஷரத்து. 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று கீழே பொடி எழுத்தில் போடுவார்களே, அதை இவர் வாயால் சொல்லிவிட்டார். ஏறிக்கொண்டேன்.

முப்பதாயிரம் ரூபாய் பயம்

முதல் பத்து வளைவுக்குள் அவர் கதை முழுக்கத் தெரிந்துவிட்டது.

மேலே போகும்போது சிமெண்ட், அரிசி, உரம். இறங்கும்போது அன்னாசி, பலா, வாழை, சீசனில் மிளகு. சோளக்காட்டில் விடிவதற்குள் நின்றால் லோடு நமக்கு. தாமதமானால் வேறு வண்டிக்கு. இந்த இரண்டு மாதத்தில் வண்டி நாலு தடவை மலையில் நின்றிருக்கிறது. வியாபாரி கடைசியாகச் சொல்லிவிட்டாராம்: "இன்னொரு தடவை லேட்டானா நான் வேற ஆள் பாத்துக்கறேன், தப்பா நினைக்காதே."

மூன்று ஷெட்டில் காட்டியாகிவிட்டது. ஃபில்டர் மாற்றினார்கள். நாஸில் கழற்றி மாட்டினார்கள். மூன்று பேரும் கடைசியில் வந்து நின்ற இடம் ஒன்றுதான்: "பம்ப் போச்சு." இறக்கி, பிரித்து, சாமான் மாற்றி, டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி செட்டிங் செய்ய முப்பதாயிரத்தைத் தொடும் என்று எஸ்டிமேட்.

"வீட்ல முப்பதாயிரம் இருக்குதுங்க. பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வெச்சிருக்கறது. இந்த மாசக் கடைசிக்குள்ள கட்டோணும்" என்றார். அதோடு பேச்சை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் ஒடித்தார். வளைவு நம்பர் 19.

பம்ப் என்றால் என்ன என்று இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் ஸீட்டில் உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு இது உபயோகப்படும். ரோட்டில் நிற்கும்போது மெக்கானிக் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாமல் இருக்கலாம்.

பழைய டீசல் வண்டியில் பம்ப் இரண்டு. பெரியது இன்ஜெக்‌ஷன் பம்ப். ராபர்ட் பாஷ் கம்பெனி 1927-ல் இதை வரிசையாகத் தயாரிக்க ஆரம்பித்த பிறகுதான் டீசல் எஞ்சின் லாரிக்குள் வசதியாக உட்கார முடிந்தது. நம் நாட்டில் 1951-ல் பெங்களூரில் மைக்கோ வந்தது. 2008-ல் அந்தக் கம்பெனி பாஷ் என்று பெயர் மாறியும் நம் மெக்கானிக்குகளுக்கு அது இன்னும் 'மைக்கோ பம்ப்'தான். லாரி டயரில் இருக்கும் காற்றைப்போல இருபது, முப்பது மடங்கு அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சி அடிக்கும் ஆசாமி இவர். விலையும் அப்படி, கோபமும் அப்படி.

சின்னது ஃபீட் பம்ப். கைப்பிடி அளவுதான். பெரியவரின் இடுப்பில் குழந்தை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சி, ஃபில்டர் வழியாகப் பெரியவருக்கு ஊட்டுவது இதன் வேலை. இதன் தலையில் ஒரு குமிழ் இருக்கும். கையால் மேலே இழுத்துக் கீழே அமுக்கினால் எஞ்சின் ஓடாமலே டீசல் ஏறும். லைனில் காற்று புகுந்துவிட்டால் டிரைவர்கள் பானெட்டைத் திறந்து 'டொக்கு டொக்கு' என்று அடிப்பார்களே, அது இதைத்தான்.

வண்டி இழுக்கவில்லை என்றால் சின்னவர் மேலும் பெரியவர் மேலும் பழி போடுவது சுலபம். டேங்க்கிலிருந்து அவர்கள் வாய் வரைக்கும் பத்தடி குழாய் இருக்கிறது என்பதை யாரும் நினைப்பதில்லை.

32/70

இருபத்தெட்டாவது வளைவில் எஞ்சின் தொண்டை கட்டின மாதிரி கமறியது. முப்பதில் இழுவை குறைந்தது. முப்பத்திரண்டில், சரியாக வளைவின் வயிற்றில், இரண்டு தடவை குலுங்கி அடங்கிவிட்டது.

மலையில் ஏற்றத்தில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரியாது. பிரேக்கை லேசாக மிதித்தால் வண்டி நிற்கிறதே, அந்த சொகுசுக்குக் காரணம் எஞ்சின் ஓட்டுகிற வாக்யூம் பம்ப். எஞ்சின் அடங்கியதும் இரண்டு மூன்று மிதிக்குத்தான் அந்த உதவி மிச்சமிருக்கும். அப்புறம் பெடல் கருங்கல் மாதிரி இறுகிவிடும். பின்னால் இரண்டு டன் சிமெண்ட், அதற்கும் பின்னால் பள்ளம்.

வண்டிக்காரர் முழு பலத்தையும் போட்டு மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் போட்டார். அதற்குள் பையன் குதித்து முட்டுக்கட்டையைப் பின்சக்கரத்துக்கு அடியில் சொருகிவிட்டான். எல்லாம் சேர்ந்து மூன்று செகண்ட். பேச்சே இல்லை. நாலு தடவை நின்ற பயிற்சி!

இறங்கினேன். கீழே சேந்தமங்கலம் பக்கத்து விளக்குகள் யாரோ பொரியை வாரி இறைத்த மாதிரி கிடந்தன. குளிர்ந்த காற்று. எங்கோ ஒரு பறவை. டூரிஸ்ட் என்றால் 'ஆஹா' என்று சொல்லியிருக்கலாம். வண்டிக்காரர் முகத்தைப் பார்த்ததும் ஆஹா உள்ளேயே போய்விட்டது.

செல்போனில் சிக்னல் ஒரு வளைவில் வரும், அடுத்ததில் போகும். கொஞ்சம் கீழே நடந்து யாருக்கோ பேசிவிட்டு வந்தார். முக்கால் மணி நேரத்தில் ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டி 'டர்ர்ர்' என்று முனகிக்கொண்டே ஏறி வந்தது. மேலே மங்கி கேப், ஸ்வெட்டர், லுங்கி. அறுபத்தைந்து வயது இருக்கும். ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சள் பை. அதில் நாலு ஸ்பானர், ஒரு டார்ச், ஒரு முழ ரப்பர் ஹோஸ், இரண்டு லிட்டர் டீசல் கேன். அவ்வளவுதான் ஒர்க்‌ஷாப்!

"வாங்க மேஸ்திரி. பம்ப்புத்தாங்க போயிருச்சு..." என்று ஆரம்பித்தார் வண்டிக்காரர்.

"அதை நான் சொல்றேன் தம்பி. நீ நான் கேக்கறத மட்டும் சொல்லு."

பெரியவர் பையைக்கூடத் திறக்கவில்லை. வண்டிப் படியில் உட்கார்ந்து பீடி பற்ற வைக்கப் போனவர், டீசல் கேனைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பிறகு கேள்விகள் கிளம்பின.

எதிர்பாராமல் பட்டென்று நிற்கிறதா, இழுவை குறைந்து குறைந்து நிற்கிறதா? குறைந்து. நிற்கும்போது கறுப்புப் புகை உண்டா? இல்லை. நின்ற பிறகு செல்ஃப் அடித்தால் வெள்ளைப் புகையாவது வருகிறதா? அதுவும் இல்லை.

"அப்ப டீசலே வந்து சேரல. வந்து எரியாமப் போனா வெள்ளையாப் புகைக்கும்" என்றார் என்னைப் பார்த்து. நான் ஏதோ இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆபீசர் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நான் திருத்தவில்லை.

"நின்னப்புறம் என்ன பண்ணுவே?"

"கால் மணி நேரம் விட்டு, பம்ப் அடிச்சு, ஏர் எடுத்தா கிளம்பிரும்ங்க."

"நாமக்கல்லுல மெக்கானிக் ஓட்டிப் பாத்தப்ப?"

"நல்லா ஓடுச்சுங்க. அதான் மேஸ்திரி வயித்தெரிச்சல். ஷெட்டுக்குப் போனா குதிரை மாதிரி ஓடுது!"

இது நமக்கும் நடப்பதுதானே! பல்வலி டாக்டர் வீட்டு வாசலில் நின்றதும் வலி காணாமல் போய்விடும்.

"கடைசியா ஒண்ணு. நின்ன நாலு தடவையும் டேங்க்குல எவ்வளவு டீசல் இருந்துச்சு?"

வண்டிக்காரர் யோசித்தார். "ஃபுல்லுங்க. மலைக்கு வர்றன்னிக்கு வாய் வரைக்கும் ஃபுல் பண்ணிருவேன். உள்ளூர் ஓட்டம்னா பத்து லிட்டர், பதினஞ்சு லிட்டர்தான் போடறது."

பெரியவர் 'ஊம்' என்று ஒரு சத்தம் போட்டார். அந்த 'ஊம்'மில் ஏதோ இருந்தது என்று எனக்குப் பட்டது.

குளுக்கோஸ் ஏற்றினோம்

எங்கள் ஆடிட்டர் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. ட்ரயல் பேலன்ஸ் இடிக்கிறது என்றால் எல்லாப் பக்கத்தையும் புரட்டக் கூடாது. நடுவில் ஒரு கோடு போட்டு, தப்பு கோட்டுக்கு மேலா கீழா என்று முதலில் பார்க்க வேண்டும். பாதி வேலை மிச்சம். பெரியவர் காமர்ஸ் படித்தவரில்லை. ஆனால் செய்தது அச்சு அசல் அதுதான்.

முதலில் எஞ்சினை நிறுத்தும் கேபிள் பாதியில் இழுத்துக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்தார். இல்லை. செலவு பூஜ்யம்.

ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து கொஞ்சம் டீசலை உள்ளங்கையில் பிடித்தார். தண்ணீர் இல்லை, கசடு இல்லை. செலவு பூஜ்யம்.

ஃபீட் பம்ப் வாயில் இருக்கும் சின்ன வலையைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். சுத்தம்.

அடுத்தது ஃபில்டர் மேலே இருக்கும் ஏர் எடுக்கும் திருகைத் தளர்த்தி, பையனைக் குமிழை அடிக்கச் சொன்னார். சோப்பு நுரை மாதிரி டீசல் குமிழி குமிழியாக வந்தது. "ஏர் இழுக்குது. எங்கயோ ஓட்டை" என்றார் வண்டிக்காரர்.

"ஓட்டைன்னா டீசல் ஒழுகோணுமே, எங்கே?" என்று நான் என் பங்குக்குக் கேட்டேன்.

"டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவால ஓட்டை விழுந்தா ஒழுகாதுங்க சார். அது உறிஞ்சற பக்கம். டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். அதனாலதான் ஒருத்தரும் கண்டுபிடிக்கறதில்ல" என்றார் பெரியவர். சொல்லிவிட்டுப் பையனிடம் கேட்டார்: "கண்ணு, குமிழ மேல இழுக்கறப்ப எப்படி இருக்குது?"

"கெட்டியா இருக்குதுங்க. விட்டா அதுவே கீழ இழுத்துக்குது!"

மறுபடியும் அந்த 'ஊம்'.

அப்புறம்தான் மஞ்சள் பையிலிருந்து கேன் வெளியே வந்தது. டேங்க்கிலிருந்து வரும் ஹோஸை ஃபீட் பம்ப்பிலிருந்து கழற்றினார். தன் முழ ஹோஸின் ஒரு நுனியைப் பம்ப்பில் மாட்டி, இன்னொரு நுனியைக் கேனுக்குள் விட்டார். பையனைக் கேனை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவது மாதிரியே இருந்தது. இருட்டில் டார்ச் வெளிச்சம், படுத்துக் கிடக்கும் வண்டி, பக்கத்தில் கவலையோடு சொந்தக்காரர். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும்தான் இல்லை.

ஏர் எடுத்துவிட்டு செல்ஃப் அடித்தார். வண்டி 'கிர்ர்' என்று எழுந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை அழுத்தி ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம்... கமறல் இல்லை, குலுக்கல் இல்லை. மலையே அதிர்ந்தது.

"பாத்துக்க தம்பி. உன் பம்ப்பு ரெண்டும் நல்ல பம்ப்பு. முப்பதாயிரத்தை பொண்ணு காலேஜுல கட்டு" என்றார் பெரியவர்.

வண்டிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பனி அதிகம்தான் அன்றைக்கு.

அந்த 'புஸ்'

கோடு போட்டாகிவிட்டது. தப்பு கோட்டுக்கு இந்தப் பக்கம் இல்லை என்றால் அந்தப் பக்கம். அதாவது டேங்க்.

பெரியவர் எஞ்சினை நிறுத்திவிட்டு டேங்க் பக்கம் போனார். "எல்லாரும் சத்தம் போடாம இருங்க" என்று சொல்லிவிட்டு மூடியை மெதுவாகத் திருகினார்.

'புஸ்ஸ்ஸ்ஸ்...'

சோடா பாட்டில் மாதிரி ஒரு சத்தம். ஆனால் சோடாவில் காற்று வெளியே வரும். இங்கே உள்ளே போனது. மூடியைக் கையில் எடுத்தால், அடியில் நாலாக மடித்த ஒரு பால் கவர்! சுத்தமாகக் கழுவி, வட்டமாக வெட்டி, கனகச்சிதமாக வாயில் பொருத்தியிருந்தது.

வண்டிக்காரர் பையனைப் பார்த்தார். பையன் தரையைப் பார்த்தான்.

விஷயம் இவ்வளவுதான். மூடியின் ரப்பர் வாஷர் நைந்துவிட்டது. டேங்க் ஃபுல்லாக இருக்கும்போது ஒவ்வொரு வளைவிலும் டீசல் அலம்பிச் சிந்தும். "டீசல் விக்கற வெலைக்கு இப்படி ரோட்டுல ஊத்தறயே, மூடியை ஒழுங்கா மூடத் தெரியாதா?" என்று இரண்டு மாதம் முன்னால் இவர் பையனைத் திட்டியிருக்கிறார். அவன் தன் புத்திக்கு எட்டிய வகையில் ஒழுங்காக மூடிவிட்டான். சிந்துவது நின்றது. வண்டியும் நின்றது!

சமையலறை ரகசியம்தான் இது. புது எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். 'களக் களக்' என்று திணறித்தான் வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் தாரையாகக் கொட்டும். எண்ணெய் வெளியே வர வேண்டுமானால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். எல்லா வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்த விஷயம். டீசல் டேங்க் மூடியிலும் அதற்காகவே ஒரு பொடி ஓட்டை வைத்திருப்பார்கள். பால் கவர் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. பம்ப் உறிஞ்ச உறிஞ்ச டேங்க்குக்குள் வெறுமை. பம்ப் இந்தப் பக்கம் இழுக்க, டேங்க் அந்தப் பக்கம் இழுக்க, கயிறு இழுக்கும் போட்டி. அந்த இழுப்பில் சாதாரணமாகத் தாங்கும் பழைய ஹோஸ் மூட்டுகூட வாயைத் திறந்து காற்றைக் குடிக்க ஆரம்பித்துவிட்டது. குமிழி வந்தது அதனால்.

ஃபுல் டேங்க்கில் மட்டும் ஏன்? இதுதான் எனக்குப் பிடித்த கணக்கு. உதாரணத்துக்கு, வாய் வரை நிரப்பிய டேங்க்கில் 2 லிட்டர் அளவு காற்றுக்குத்தான் இடம் என்று வையுங்கள். 1 லிட்டர் டீசல் செலவானால் அதே காற்று 3 லிட்டர் இடத்தை நிரப்ப வேண்டும். அழுத்தம் மூன்றில் இரண்டு பங்காக இறங்கிவிடும். டேங்க் பாதி காலி, 30 லிட்டர் காற்று இருக்கிறது என்றால், 1 லிட்டர் போவது அதற்கு உறைக்கவே உறைக்காது. ஷெட்டுக்குப் போகும்போதெல்லாம் டேங்க் பாதி. அதனால் அங்கே குதிரை. மலைக்கு வரும்போது ஃபுல். அதனால் இங்கே கழுதை. கால் மணி நேரம் காத்திருந்தால் கவர் இடுக்கில் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து உள்ளே போகும். மறுபடி கிளம்பும்.

வண்டிக்காரர் பையனை நோக்கிக் கை ஓங்கினார். பெரியவர் நடுவில் வந்தார். "அடிக்காத. உனக்கு அரை லிட்டர் மிச்சம் பண்ணோணும்னு நெனச்சான். மூணு மெக்கானிக்கு மூடியத் தொறந்து பாக்கல. அவிங்களை அடிச்சியா?"

ஓங்கின கை அப்படியே தலையைச் சொறிந்துகொண்டு இறங்கியது.

கவரை எடுத்துவிட்டு, பையனின் சட்டையில் இருந்த ஊக்கை வாங்கி மூடியின் ஓட்டையைக் குத்தித் திறந்தார் பெரியவர். தன் முழ ஹோஸை வெட்டி, வெடித்துக் கிடந்த மூட்டில் மாட்டி கிளிப்பை இறுக்கினார். ஊருக்குத் திரும்பியதும் ஓட்டை உள்ள புது மூடியும் வாஷரும் வாங்க வேண்டும், அதுவரை டேங்க்கை வாய் வரைக்கும் நிரப்பக் கூடாது என்று உத்தரவு. கூலியாக எவ்வளவு கேட்டார் என்று சொன்னால் நாமக்கல்லில் பாதிப் பேர் இவரைத் தேடிக் கிளம்பிவிடுவார்கள். முப்பதாயிரத்தில் இரண்டு சைபரை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

கிளம்பும் முன் பையன் முட்டுக்கட்டையையும், அண்டக் கொடுத்த கற்களையும் பொறுக்கி ஓரமாகப் போட்டான். மலைப்பாதையில் கல்லை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் இவனிடம் பாடம் படிக்கலாம்.

ஓரியின் அம்பும் மேஸ்திரியின் ஸ்பானரும்

நாற்பதைத் தாண்டியதும் காற்றே மாறுகிறது. கீழே முட்செடியும் பாறையுமாக இருந்த மலை, மேலே போகப் போகப் பச்சை கட்டிக்கொள்கிறது. சில்வர் ஓக் மரங்களைச் சுற்றிக்கொண்டு ஏறும் மிளகுக் கொடிகள். எங்கிருந்தோ பழுத்த பலா வாசனை. எழுபதாவது போர்டைத் தாண்டியபோது நன்றாக விடிந்துவிட்டது.

இது வல்வில் ஓரியின் மலை. கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் வீழ்த்தினான் என்று புறநானூறு சொல்கிறது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு, ஆடி மாதம் விழா எடுக்கிறார்கள். அந்த மூன்று மெக்கானிக்குகளும் ஓரியின் ரசிகர்கள் போலிருக்கிறது. பம்ப்பை மாற்று, ஒரே அம்பில் எல்லாக் கோளாறும் விழும் என்று பார்த்தார்கள். விழுந்திருக்காது. முப்பதாயிரம் செலவழித்த புதுப் பம்ப்பும் பால் கவர் இருக்கும் வரை இதே முப்பத்திரண்டில்தான் நின்றிருக்கும். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. வண்டி அவர்கள் கண் முன்னால் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, இளைஞர்களே, பழைய வண்டி வைத்திருப்பவர்களும் மாமனார் வண்டியை ஓட்டுபவர்களும் இதைக் கத்தரித்து டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளலாம்:

1. எப்போது, எங்கே, எவ்வளவு எண்ணெய் இருக்கும்போது நிற்கிறது என்று குறித்து வையுங்கள். மெக்கானிக்கிடம் 'பம்ப் போச்சு' என்று சொல்லாதீர்கள், நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

2. நின்றதும் முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று பலமாகக் காற்று உள்ளே போய், பிறகு வண்டி ஒழுங்காக ஓடினால் கோளாறு மூடியில்.

3. அடுத்தது ஃபில்டர், வலை, ஹோஸ், கிளிப். உறிஞ்சும் பக்கத்து ஓட்டை ஒழுகாது என்பது ஞாபகம் இருக்கட்டும்.

4. பழைய டீசல் வண்டியில் கேன் வைத்து ஓட்டிப் பார்த்தால் கோளாறு பம்ப்புக்கு முன்னாலா, பம்ப்பிலிருந்து பின்னாலா என்பது பத்து நிமிஷத்தில் தெரியும். பெட்ரோலில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். குளுக்கோஸ் நமக்கு ஏற்ற வேண்டியிருக்கும்.

5. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பம்ப் டேங்க்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் மின்சார ரகம். சாவியைத் திருப்பியதும் ஓரிரு செகண்ட் 'ஙொய்' என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பம்ப்பைத் திட்டும் முன் ஃப்யூஸையும் ரிலேயையும் பாருங்கள். அந்தப் பம்ப்பைக் குளிர வைப்பதே டேங்க்கில் இருக்கும் பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்வில் ஓட்டும் சிக்கனக்காரர்கள் கவனிக்க.

6. இப்போது வரும் காமன் ரெயில் டீசல் வண்டிகளில் எஞ்சின் பக்கத்து எண்ணெய் லைனில் கை வைக்கக் கூடாது. ஆயிரம் மடங்கு காற்றழுத்தத்துக்கு மேல் இருக்கும். தோலைத் துளைத்துவிடும்.

சோளக்காட்டில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் தாமதம். வியாபாரி அன்னாசியில் பாதியை வேறு வண்டிக்கு ஏற்றி அனுப்பிவிட்டார். மீதிப் பாதியை முறைத்துக்கொண்டே இவருக்குக் கொடுத்தார். அதுவரைக்கும் லாபம். நான் ஆகாய கங்கைக்குப் போய் ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி, ஏறி, என் எரிபொருள் பம்ப் சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துக்கொண்டேன். அறுநூறாவது படியில் கொஞ்சம் கமறியது.

மாசக் கடைசியில் வண்டிக்காரருக்கு போன் செய்தேன். ஃபீஸ் கட்டியாகிவிட்டது. புது மூடி போட்டாகிவிட்டது. அதற்கப்புறம் ஒன்பது தடவை மலை ஏறியதில் ஓரிடத்திலும் நிற்கவில்லை என்றார். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"நல்லா இருக்கானுங்க. இப்பல்லாம் வீட்ல பால் கவரை இவன் கண்ணுல படாமத்தான் வெக்கறோம்!"